சாப்பாடு போட்டவள் போட்ட வழக்கு

எனக்குத் தெரிந்த எத்தியோப்பியர்களில் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்ட முதல் ஆள் அஸ்காலே. அமெரிக்காவில், ஆர்லிங்டனில் ஓர் அலுவலகக் கட்டடத்துக்கு அடியில் இருக்கும் கார் நிறுத்துமிடத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து சீட்டு வாங்குகிறவள். நான் டாக்சி ஓட்டுகிறவன், பெயர் பெலாச்சு. நாங்கள் இருவரும் ஒரே வருடம் இந்த நாட்டில் அடைக்கலம் கேட்டோம், கிடைத்தது. ஒரே மாதத்தில் கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்தோம். என்னுடையது அடுத்த வருடமே வந்துவிட்டது. அவளுடையது வரவில்லை.

ஆரம்பத்தில் நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தபாலில் தொலைந்திருக்கும் என்றோம். வருடக்கணக்காக மிளகாய் இடித்த கை, விரல் ரேகை சரியாக விழுந்திருக்காது என்றோம். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை ரேகை பதிக்கச் சொல்லி மறுபடியும் கூப்பிடுவார்கள். அன்றைக்கு மட்டும் அவள் முகம் மலர்ந்திருக்கும். "ரேகை கேக்கறாங்கன்னா என் ஃபைல் இன்னும் உயிரோட இருக்குன்னு அர்த்தம்" என்பாள். அப்புறம் பழையபடி சத்தமே இருக்காது.

அஸ்காலேவின் சுபாவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எதையும் தெரிந்துகொள்ளாமல் அவளால் விட முடியாது. அவள் வேலை பார்த்த இடத்தில் ஒருவர் தினமும் காரைப் பின்பக்கமாகத் திருப்பியே நிறுத்துவார். பத்துப் பேர் பார்த்தார்கள், போனார்கள். இவள் கூண்டை விட்டு இறங்கிப் போய் ஏன் என்று கேட்டாள். அவர் தீயணைப்புப் படையில் இருந்தவராம், எங்கே போனாலும் வண்டியின் மூக்கு வெளியே பார்த்திருக்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து காபி குடிக்க உட்கார்ந்தபோது, புதையல் கிடைத்ததுபோல அதை எங்களுக்குச் சொன்னாள்.

அவள் கணவர் செரிஹுன் நைரோபியில் இருந்தார். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். இவள் இங்கே வந்த பிறகு, அகதிகளுக்கான பயணப் பத்திரத்தில் நைரோபி போய் அவரைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். கார்டு கையில் வந்தால்தான் அவரைக் கூப்பிட விண்ணப்பமே போட முடியும். முதல் இரண்டு வருடம் அவர் பொறுமையாக இருந்தார். அப்புறம் ஃபோனில் குரல் மாறத் தொடங்கியது. ஒரு நாள் என் வண்டியில் உட்கார்ந்துதான் பேசிக்கொண்டிருந்தாள். ஃபோனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்ன சொன்னாரு?"

"உன்கூட வந்தவங்க எல்லாருக்கும் வந்துருச்சு, உனக்கு மட்டும் ஏன் வரல, நிஜத்தைச் சொல்லு, அங்க வேற யாராவது இருக்காங்களான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்றது? ஏன் வரலன்னு எனக்கே தெரியாதே." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெலாச்சு, கார்டு வராட்டா போகட்டும். ஏன் வரலன்னு தெரிஞ்சாகணும்."

அந்த வாரத்திலிருந்து விசாரிக்க ஆரம்பித்தாள்.

கொலம்பியா பைக் சாலையில் நாங்கள் கூடும் காபிக் கடை ஒன்று உண்டு. டாக்சிக்காரர்கள், கோயில்காரர்கள் எல்லாரும் அங்கேதான். அஸ்காலே மேஜை மேஜையாகப் போய், யாருக்கெல்லாம் கார்டு வரவில்லை என்று கேட்டாள். முதலில், கோஜ்ஜாம் பக்கத்து ஆட்களைத்தான் நிறுத்தி வைக்கிறார்கள் என்று ஒரு முடிவுக்கு வந்தாள். நான் கோஜ்ஜாம்காரன் என்று ஞாபகப்படுத்தியதும் அதை விட்டாள். அப்புறம், பெண்களுக்குத்தான் தாமதம் என்றாள். அதுவும் நிற்கவில்லை. கடைசியில், அடைக்கலம் கேட்ட நேர்காணலில் என்ன சொன்னீர்கள் என்று கேட்கத் தொடங்கினாள். அங்கேதான் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். அந்த அறையில் சொன்னதை நாங்கள் மனைவியிடம்கூடத் திரும்பச் சொல்வதில்லை.

எங்களில் மூத்தவர் தெஸ்ஸேமா, விமான நிலைய டாக்சி வரிசையில் எல்லாருக்கும் பெரியவர். காபியோடு எப்போதும் வைக்கும் பாப்கார்னை மென்றுகொண்டே அவர் சொன்னார்: "அடி அஸ்காலே, ஊர்ல உளவுத்துறைக்காரன்தான் இப்படி மேஜை மேஜையா வந்து கேப்பான். அவன்கிட்டேருந்து தப்பிச்சு இங்க வந்தா நீ உக்காந்திருக்க."

"அவன் கேட்டா உள்ள போடுவான், காஷே. நான் கேட்டா காபி வாங்கித் தருவேன்." காஷே என்பது பெரியவர்களைக் கூப்பிடும் மரியாதைச் சொல்.

முதலில் வாயைத் திறந்தது முலு. முடிதிருத்தும் கடையில் பின்னல் போடுகிறவள், அவளுக்கும் ஆறு வருடமாகக் கார்டு வரவில்லை.

"காட்டுல இருந்த பசங்களுக்குக் கழுதை குடுத்தேன்னு சொன்னேன்" என்றாள் மெதுவாக.

"குடுத்தியா, பிடுங்கிட்டுப் போனாங்களா?"

"துப்பாக்கியோட வந்து கேட்டா அதுக்குப் பேரு என்ன? நல்ல கழுதை. திரும்பி வரவே இல்ல."

அஸ்காலே கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நான் சாப்பாடு போட்டேன்னு சொன்னேன். நீ என்ன குடுத்த?"

"நான் யாருக்கும் எதுவும் குடுக்கல. நோட்டீஸ் ஒட்டினேன், மாட்டிக்கிட்டேன்."

"பார்த்தியா! குடுத்தவங்களுக்கு இல்ல. ஒண்ணுமே குடுக்காத கஞ்சனுக்குக் கார்டு."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அவள் சிரிக்கவில்லை. ஏதோ ஒரு கதவின் கைப்பிடி கையில் பட்டுவிட்ட மாதிரி இருந்தது அவள் முகம்.

அலெக்ஸாண்ட்ரியாவில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் இலவசச் சட்ட உதவி மையம் இருந்தது. அங்கே லெனோர் பிட்மன் என்ற வழக்கறிஞர் வியாழக்கிழமைகளில் உட்காருவார். அறுபதைத் தாண்டியவர், நரைத்த தலையைக் கிராப் வெட்டியிருப்பார். அஸ்காலேவுக்கு இங்கிலீஷ் சீட்டு வாங்கும் அளவுக்குத்தான் வரும். அதனால் நான் கூடப் போய் மொழிபெயர்த்தேன்.

"அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லச் சொல்லுங்க" என்றார் பிட்மன்.

அஸ்காலே சொன்னாள். மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். அரசாங்கத்தை எதிர்த்து மலையில் இருந்தவர்கள் ஒரு சாயங்காலம் இறங்கி வந்தார்கள். ஐந்தாறு பையன்கள், மீசை சரியாக முளைக்காதவர்கள்.

"ஆயுதம் இருந்துச்சா?"

"துப்பாக்கியை வெளியில சாத்தி வெச்சுட்டுத்தான் உள்ள வரணும்னு சொன்னேன்."

"கேட்டாங்களா?"

"கேட்டாங்க. கையும் கழுவினாங்க."

"என்ன சாப்பாடு போட்டீங்க?"

"இஞ்செரா அப்பமும் பருப்புக் குழம்பும். புதன்கிழமை, விரதம். அதனால கறி இல்ல."

அதைக்கூட எழுதிக்கொண்ட பிட்மன், அப்புறம் நிதானமாக விளக்கினார். எந்த நாட்டு அரசாங்கமாக இருந்தாலும் சரி, அதற்கு எதிராக ஆயுதம் எடுத்தவர்களை இந்த நாட்டுச் சட்டம் ஒரே கூடையில் போடுகிறது. அவர்களுக்கு உதவி செய்தவர்களும் அந்தக் கூடையில்தான். உதவி என்றால் பணம் மட்டும் இல்லை, சாப்பாடும் உதவிதான், கழுதையும் உதவிதான். பயந்து கொடுத்தவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் யாராவது ஃபைலைக் கையில் எடுத்துப் படித்தால்தானே விலக்குக் கொடுக்க முடியும்?

"உங்க ஃபைல்ல யாரும் 'கிடையாது'ன்னு எழுதல. 'சரி'ன்னும் எழுதல. ஓரமா எடுத்து வெச்சிருக்காங்க, அவ்வளவுதான்."

நான் சொல்லி முடித்ததும் அஸ்காலே என்னைத்தான் முறைத்தாள், ஏதோ நானே கண்டுபிடித்த சட்டம் போல.

"இந்தச் சாப்பாட்டுக்காகத்தான் ஊர்ல என்னைச் சிறையில போட்டாங்க. சிறையில போட்டாங்கன்னுதான் இந்த நாட்டுல இடம் குடுத்தாங்க. இப்ப அதே சாப்பாட்டுக்காகக் கார்டு இல்லங்கறாங்க. ஒரு பருப்புக் குழம்பு எத்தனை தடவைதான் குத்தமாகும்னு அந்தம்மாகிட்டக் கேளு."

கேட்டேன். பிட்மன் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "அவங்க சொன்னதை அப்படியே இன்னொரு தடவை சொல்லுங்க. நான் எழுதிக்கணும்" என்றார்.

வழக்குப் போடலாம் என்றார் பிறகு. ஆனால் கார்டு கொடு என்று கேட்க முடியாது. பதில் சொல்லு என்று மட்டும்தான் கேட்கலாம். பதில் 'கிடையாது' என்றும் வரலாம்.

"வரட்டுமே" என்றாள் அஸ்காலே. "கிடையாதுன்னா ஏன்னு கேக்கலாம். வாயே திறக்காதவங்ககிட்ட என்ன கேக்கறது?"

தனியாக ஒருவர் போனால், அந்த ஒரு ஃபைலை மட்டும் சத்தமில்லாமல் முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நாலைந்து பேராவது சேர்ந்தால் நீதிபதி நிமிர்ந்து பார்ப்பார் என்றார் பிட்மன். இந்த மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் வேறு யாராவது உண்டா?

யார் என்று அஸ்காலேவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எங்கள் காபிக் கடைக்கு இரண்டு கடை தள்ளி, நடுவில் ஒரு சலவைக்கடை, அதற்கப்பால் இன்னொரு காபிக் கடை. அதுவும் எத்தியோப்பியர்கள் கடைதான். தெற்கிலிருந்து வந்தவர்கள் அங்கே உட்காருவார்கள். அதே காபி, அதே பாப்கார்ன், அதே சாம்பிராணி. அவர்கள் எங்கள் கடைக்கு வர மாட்டார்கள், நாங்கள் அங்கே போக மாட்டோம். ஊரில் நடந்த சண்டையில் யார் பக்கம் யார் என்பது கடல் தாண்டியும் அழியவில்லை.

"வேண்டாம் அஸ்கு" என்றேன். "உன் தம்பியை நினைச்சுப் பாரு."

அவள் தம்பி மொல்லாவைப் படைக்குப் பிடித்துக்கொண்டு போய்த் தெற்கு எல்லைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த போராளிகளோடு நடந்த சண்டையில் செத்துப்போனான். உடல் வரவில்லை.

"அவனை நினைச்சுத்தான் போறேன்" என்றாள்.

நாங்கள் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. தொலைக்காட்சியில் பந்தாட்டம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அஸ்காலே நடுவில் நின்று, எல்லாருக்கும் வணக்கம் சொல்லி, வெட்கமே இல்லாமல் கேட்டாள்: "இங்க யாருக்கெல்லாம் கார்டு வராம இருக்கு?"

ஒரு மூலையிலிருந்து, "ஏன், உங்க கடையில இருக்கறவங்களுக்கு எல்லாம் வந்துருச்சா? சொல்லிக் காட்ட வந்தியா?" என்று ஒரு குரல்.

"எனக்கே ஏழு வருஷமா வரல, என்னத்தைச் சொல்லிக் காட்டறது?"

ஓர் ஐம்பது வயது மனிதர் எழுந்து எங்கள் இருவருக்கும் நாற்காலி இழுத்துப் போட்டார். பெயர் கல்காலோ. முதியோர் இல்லம் ஒன்றில் நோயாளிகளைக் குளிப்பாட்டும் வேலை. ஊரில் சுகாதார உதவியாளராக இருந்தவர். அவருக்கு ஒன்பது வருடம் ஆகியிருந்தது. எங்கள் எல்லாரையும் விட அதிகம்.

"நீங்க என்ன குடுத்தீங்க?" என்று அஸ்காலே கேட்டாள்.

"கட்டுப் போட்டேன். குண்டடி பட்டு வந்தவங்களுக்கு."

"எந்த ஊர்ல?"

அவர் ஊர்ப் பெயரைச் சொன்னார். நான் எழுந்துவிட்டேன். அவள் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"என் தம்பி செத்த ஊரு அது. சிப்பாய். நீங்க அந்த வருஷம் அங்க இருந்தீங்களா?"

கடையில் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். "இருந்தேன்" என்றார். "எங்க ஆளுங்களுக்கும் கட்டுப் போட்டேன். பிடிபட்ட சிப்பாய்களுக்கும் போட்டேன். மருந்து ரெண்டு பேருக்கும் பத்தல."

"முன்பல்லு பாதி உடைஞ்சிருக்கும். சிரிச்சா கையால மூடிக்குவான். பார்த்தீங்களா?"

"தங்கச்சி, பார்த்தேன்னு சொன்னா உங்களுக்கு ஆறுதலா இருக்கும். ஆனா எனக்கு ஞாபகம் இல்ல. வந்தவங்க யாரும் சிரிக்கற நிலையில இல்ல."

அஸ்காலே தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு கோல் விழுந்து தொலைக்காட்சியில் கூட்டம் கத்தி ஓய்ந்தது. நிமிர்ந்தபோது அவள் கேட்டது இது: "வியாழக்கிழமை உங்களுக்கு லீவு போட முடியுமா? ஒரு வக்கீலைப் பார்க்கணும்."

திரும்பி வரும்போது வண்டியில் நான் கேட்டேன், அந்த ஆளோடு சேர்ந்து கையெழுத்துப் போட உனக்கு எப்படி மனசு வரும் என்று. "பொய் சொல்லியிருக்கலாம், சொல்லல" என்றாள். "ஒன்பது வருஷமா ஒரு பொய்யும் சொல்லாம உக்காந்திருக்காரு. அந்த ஆளைத் தள்ளி வெச்சுட்டு யாரோட சேரறது?"

முலுவுக்கு அது சுலபமாக இல்லை. "அவங்க பேரோட என் பேரா? எங்கம்மா கேட்டா நெஞ்சடைச்சுப் போயிடுவா" என்றாள். இரண்டு வாரம் அஸ்காலேவோடு பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் அவளாகவே வந்து, "கழுதை விஷயம் மட்டும்தானே கேப்பாங்க?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அந்தக் கடையிலிருந்து கல்காலோ தவிர மூன்று பேர் வந்தார்கள். ஆக மொத்தம் ஆறு பேர்.

எங்கள் கடையில் பெரிய பேச்சாகிவிட்டது. ஊரில் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டவனை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. போட நினைத்தவனையே அப்புறம் பார்த்ததில்லை. "சோறு போட்டதுக்கே இந்தப் பாடு. கேஸ் போட்டா என்ன பண்ணுவானோ" என்றார் தெஸ்ஸேமா. நான் என் பங்குக்கு, "அஸ்கு, உன் குழம்பைச் சாப்பிட்டவன் எவனும் எழுந்து சண்டைக்குப் போயிருக்க மாட்டான், படுத்திருப்பான். அதைச் சொல்லு நீதிபதிகிட்ட, கேஸ் ஜெயிச்சுரும்" என்றேன். கையிலிருந்த பாப்கார்னை என் மேல் எறிந்தாள். ஆனால் அன்று வீட்டுக்குப் போகும்போது, "நிஜமாவே திருப்பி அனுப்பிருவாங்களோ?" என்று கேட்டாள். பிட்மன் அப்படி நடக்காது என்று சொல்லியிருந்தார். நான் அதையே இன்னொரு முறை சொன்னேன். நம்பினாளா என்று தெரியாது.

வழக்கு விசாரணைக்கு வந்த அன்று ஆறு பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கல்காலோ இரவல் கோட்டு போட்டிருந்தார், கை நீளம். அஸ்காலே வெள்ளை நெட்டெலா துணியைத் தலையில் போர்த்தியிருந்தாள், கோயிலுக்குப் போகிறவள் மாதிரி. அரசாங்கத்தின் பக்கம் ஓர் இளம்பெண் எழுந்தாள். நிறைமாதக் கர்ப்பிணி. நிற்கச் சிரமப்பட்டாள்.

அஸ்காலே என் காதில், "இந்தப் பொண்ணா என் ஃபைலை ஓரமா வெச்சது?" என்றாள்.

"இல்ல. இவ வக்கீல். அவங்களுக்காகப் பேச வந்திருக்கா."

"அப்ப வெச்சது யாரு? அவங்க வரலையா?"

"வர மாட்டாங்க."

"ஏழு வருஷம் காத்திருக்கோம், ஒரு நாள் வந்து முகத்தைக் காட்டக்கூடாதா?"

அந்தப் பெண் வக்கீல், விதிமுறைகள் இன்னும் பரிசீலனையில் இருப்பதாகவும், இவ்வளவு நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை என்றும் சொன்னாள். வயதான நீதிபதி கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "நாள் குறிப்பிடலன்னா ஒரு நாளும் இல்லன்னு அர்த்தமா?" என்றார். அந்தப் பெண் அப்படி இல்லை என்றாள். "அப்ப எத்தனை வருஷம்னு நீங்க சொல்லுங்க. இருபது சரியா?" அவள் காகிதத்தைப் புரட்டினாள். நான் இதை அஸ்காலேவுக்கு மெதுவாகச் சொன்னபோது அவள் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். தன் கேள்வியை வேறு ஒருவர் கேட்டு அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நீதிபதி அன்று தீர்ப்புச் சொல்லவில்லை. சொல்வதற்குள் குடிவரவு அலுவலகம் அசையத் தொடங்கிவிட்டது. முதலில் முலுவுக்குக் கார்டு வந்தது. அப்புறம் தெற்குக் கடையின் மூன்று பேருக்கும். இலை உதிரத் தொடங்கிய நேரத்தில் அஸ்காலேவுக்கும் வந்தது. உறையைப் பிரித்து, கார்டை மடியில் போட்டுவிட்டு, உள்ளே வேறு தாள் ஏதாவது இருக்கிறதா என்று உறையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள்.

"என்ன தேடற?"

"ஏன் இவ்வளவு நாளாச்சுன்னு எழுதியிருப்பாங்கல்ல?"

எழுதியிருக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு குடிவரவு அலுவலகத்துக்கே போனாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, இதில் என்ன பிழை என்றார். பிழை இல்லை, தாமதத்துக்குக் காரணம் கேட்க வந்திருக்கிறாள் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "கிடைச்சிருச்சேம்மா. சந்தோஷமா வீட்டுக்குப் போங்க" என்றார்.

"கிடைச்சது தெரியுது. ஏன்னு தெரியல" என்றாள் அவள்.

அவருக்கும் தெரியவில்லை. அதை அவர் ஒளிக்காமல் சொன்னார். அஸ்காலே அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

இன்னும் கல்காலோ பாக்கி. அவர் ஒருவருக்கு மட்டும் எதுவும் வரவில்லை. கார்டு வந்தவர்களுக்கு இனி வழக்கில் இடமில்லை, இனி அவர் தனியாள் என்றார் பிட்மன். அடுத்த விசாரணைக்கு அவர் அந்த இரவல் கோட்டோடு வந்தபோது, பின்வரிசையில் அஸ்காலேவும், அவள் பக்கத்தில் முலுவும், மற்ற மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். முலு பையிலிருந்து ரொட்டியை எடுத்து அவரிடம் நீட்டினாள். காவலர் வந்து உள்ளே சாப்பிடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

கல்காலோவின் ஃபைலில் குறிப்பிட்ட நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும் என்று நீதிபதி உத்தரவு போட்டார். சொன்னார்கள்: கிடையாது என்று. காரணம் போட்டு, நான்கு பக்கத்துக்கு. பிட்மன் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் கல்காலோ அந்த நான்கு பக்கத்தையும் காபிக் கடையில் சத்தமாகப் படித்தார், எங்கள் கடையில் உட்கார்ந்துதான். காயத்துக்குக் கட்டுப் போட்டவர்களுக்கும் விலக்கு உண்டு என்பதை எழுதியவர் கணக்கிலேயே எடுக்கவில்லை என்று தெரிந்தது. அதைச் சொல்லி பிட்மன் மறுபடியும் மனுப்போட்டார். ஒரு வருடம் போல ஆயிற்று. ஒரு மழைநாளில், முதியோர் இல்லத்து வேலை உடுப்போடு கல்காலோ எங்கள் கடைக்குள் வந்து, கார்டை அஸ்காலேவின் முன்னால் வைத்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போட்டோவுல ஏன் இப்படி முறைக்கிறீங்க?" என்றாள்.

செரிஹுன் வர இன்னும் இரண்டு வருடம் பிடித்தது. நான்தான் விமான நிலையத்திலிருந்து கூட்டி வந்தேன். வழியெல்லாம் இருவரும் பேசவே இல்லை. இத்தனை வருடம் ஃபோனிலேயே பேசிப் பழகியவர்கள், பக்கத்தில் உட்கார்ந்ததும் என்ன பேசுவதென்று தெரியவில்லை போல. இப்போது அவர் ஒரு பள்ளியில் ஆய்வுக்கூட உதவியாளர். அஸ்காலே அதே கூண்டில்தான் இருக்கிறாள்.

அவள் நம்பர் எப்படியோ பல ஊர்களுக்குப் போய்விட்டது. மினசோட்டாவிலிருந்து, டென்வரிலிருந்து, யார் யாரோ கூப்பிடுகிறார்கள். போன வாரம் அவள் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஃபோனில் ஏதோ ஒரு பெண் அழுதுகொண்டே பேசுவது எனக்குக் கேட்டது. வரிசையில் இரண்டு கார் நின்று ஹாரன் அடித்தன. அஸ்காலே ஒரு கையால் சீட்டை வாங்கிக்கொண்டு, ஃபோனைத் தோளில் இடுக்கி, "அழாதம்மா. முதல்லேருந்து சொல்லு. வந்தவங்க யாரு? நீ என்ன குடுத்த?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.